குற்றாலத்துக்கு நடந்து போனால் என்ன?

ஜூன் மாதம் பிறந்தால் போதும், தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்து விடுவார்கள். "குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சா?" தென்காசிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான், போன் மேல் போன் வரும். தண்ணீர் நன்றாக விழுகிறது, சாரலும் அடிக்கிறது என்று அவர் சொன்ன மறுநாளே ஒரு வேன் ஏற்பாடாகி விடும். ராத்திரி முழுக்கப் பயணம். விடிந்ததும் பேரருவி. வண்டி நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம், வரிசையில் ஒரு மணி நேரம், அருவிக்கு அடியில் ஐந்து நிமிடம். அதற்குள் "போதும், நகருங்க நகருங்க" என்று விசில் சத்தம். அப்புறம் ஐந்தருவி, அப்புறம் பழைய குற்றாலம், அதே வரிசை, அதே விசில். பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட், மங்குஸ்தான் ஒரு கிலோ. வேன் ஊர் திரும்பி விடும்.

பி.காம். முதல் வருடப் பொருளாதாரப் புத்தகத்தில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று வரும். முதல் மாம்பழம் தருகிற திருப்தியை நான்காவது மாம்பழம் தராது என்று வாத்தியார்கள் விளக்குவார்கள். குற்றாலம் போய் வந்தவர்களுக்கு மாம்பழ உதாரணமே வேண்டாம். முதல் அருவியில் கிடைத்த ஆனந்தம் மூன்றாவது அருவியில் பாதிகூட இருப்பதில்லை. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது குழந்தைகள் தூங்கி வழிந்து கொண்டிருக்கும். பெரியவர்கள் ஈரத்துணியைக் காயப்போட இடம் தேடிக் கொண்டிருப்பார்கள்.

இத்தனை பேர் வருகிறார்களே, இவர்களில் எத்தனை பேர் குற்றாலத்தைப் பார்த்திருப்பார்கள்? அருவியைப் பார்த்திருப்பார்கள், சந்தேகமில்லை. அருவியில் விழுந்த தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. சாக்கடையில் போகிறது என்று நினைப்பவர்களும் உண்டு! அந்தத் தண்ணீர் போகிற வழியோடு ஒரு நாள் நடந்து பார்த்தால்தான் குற்றாலம் என்பது என்ன என்று புரியும். அந்த வழிகள் மெல்ல மெல்லக் காணாமல் போய்க் கொண்டிருப்பதும் அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு நாள் சுற்று

தென்காசியில் தொடங்கி மேலகரம், குற்றாலம், ஐந்தருவி, இலஞ்சி வழியாக மறுபடியும் தென்காசிக்கு வந்து சேரும் ஒரு சுற்றை எடுத்துக் கொள்வோம். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். நிதானமாக நின்று, உட்கார்ந்து, டீ குடித்து நடந்தாலும் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் முடிந்து விடும். மலை ஏற வேண்டியதில்லை, காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மேலே வனப்பகுதியில் இருக்கின்றன. அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது, போகவும் வேண்டாம். இந்த நடை முழுக்க முழுக்க மலைக்குக் கீழே உள்ள ஊர்களின் நடை.

சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் தென்காசிக்கு வந்து விடும். இறங்கியதும் காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோயிலைக் கட்டியதோடு அவன் நிற்கவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டிலும் பொறித்து வைத்திருக்கிறான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத மனிதர்களைக் கும்பிடுகிறான்! கோபுரம் நடுவில் சிதைந்து, மொட்டைக் கோபுரமாகவே நீண்ட காலம் நின்றது. இன்றைக்கு நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்கு நடந்தது. அவன் முன்கூட்டியே கும்பிட்டது வீண் போகவில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் கோபுர வாசலில் நின்று பார்க்க வேண்டும். காற்று ஆளைத் தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக நுழைந்து வருகிறது. மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கம் இறக்கி விட்டு, மிச்சத்தைத் தூவிக் கொண்டே இந்தப் பக்கம் வரும். அந்தத் தூவலுக்குத்தான் சாரல் என்று பெயர். திருநெல்வேலி வெயிலில் காயும்போது ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள தென்காசி சிலுசிலுவென்று இருப்பதன் ரகசியம் இந்தக் கணவாய்தான்.

கோபுரத்தை விட்டு மேற்கே நடந்தால் மேலகரம். இந்த ஊர்க்காரர்தான் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர். குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் வந்தது. அந்த நூலை நினைத்துப் பாருங்கள். வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வரும் குறத்தி, தான் கால்நடையாகக் கண்டு வந்த மலையையும் நாட்டையும்தான் சொல்கிறாள். கடைசியில் சிங்கன் தன் சிங்கியைத் தேடித் தேடி நடக்கிறான். குற்றாலத்தைப் பற்றிய நம்முடைய மிகப் பெரிய இலக்கியமே நடக்கிறவர்களின் கதைதான். இன்று அதே மேலகரத்தை எல்லோரும் மூன்று நிமிடத்தில், கண்ணாடி ஏற்றிய காரில் கடந்து விடுகிறோம்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் காசிமேஜர்புரம் என்று ஓர் ஊர் உண்டு. காசிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை! கம்பெனி காலத்து அதிகாரி காசாமேஜர் என்பவரின் பெயர்தான் மக்கள் வாயில் இப்படி ஆகியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் பயிரிட்டுப் பார்த்தார்கள். வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே பங்களா கட்டிக்கொண்டு தங்கினார்கள். அருவிக்குப் போகிற வண்டியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். நடக்கிறவருக்கு அது இருநூறு வருடத்து வியாபாரக் கதை.

குற்றாலம் வந்தாயிற்று. பேரருவியில் கூட்டம் இருக்கும், இருக்கட்டும். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலையும், சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு இருக்கும் சித்திர சபையையும் பார்த்து விட்டு வரலாம். நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்ற நான்கு சபைகளில் விக்கிரகமாக இருப்பவர் இங்கே சுவரில் ஓவியமாக இருக்கிறார். அருவிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இருக்காது. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இந்தக் குற்றாலத்தில்தான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள், கம்பராமாயணம் பேசினார்கள், காலாற நடந்தார்கள். குற்றாலத்துக்கு வருவதென்றால் தங்கி, ஆறி, பேசி விட்டுப் போவது என்றுதான் அப்போது பொருள்.

இங்கிருந்து ஐந்தருவி போகிற பாதையில் ஒரு படகுத்துறை வரும். சீசனில் குடும்பம் குடும்பமாகப் படகு ஓட்டுவார்கள். அந்தக் குளத்தின் பெயர் வெண்ணமடைக் குளம். பெயரிலேயே மடை இருக்கிறது. படகு விடுவதற்காக யாரும் அந்தக் குளத்தை வெட்டவில்லை. வயலுக்குத் தண்ணீர் விடுவதற்காக வெட்டினார்கள். படகில் உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் உள்ள தண்ணீர் தெரியும். கரையோரம் நடந்து போகிறவருக்குத்தான் குளம் எங்கே நிரம்புகிறது, எங்கே மடை இருக்கிறது, பெருகினால் எங்கே மறுகால் பாயும் என்பதெல்லாம் தெரியும்.

ஐந்தருவியைப் பார்த்து விட்டுக் கீழே இறங்கினால் இலஞ்சி. பழந்தமிழில் இலஞ்சி என்ற சொல்லுக்கே குளம் என்று ஒரு பொருள் உண்டு. ஊர்ப் பெயரே குளம்! இலஞ்சிக் குமாரர் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அதன் பிறகு தென்காசி வரை உள்ள நடைதான் இந்த நாளின் சிறந்த பகுதி. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, முதுகுப் பக்கம் முழுக்க மலை. மலையில் மேகம் இறங்குவதும் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். சாரல் முதலில் மலையை மறைக்கும், பிறகு தோப்பை மறைக்கும், பிறகு முகத்தில் விழும். டீக்கடையில் ஒதுங்கினால், "ஏன் தம்பி நடந்து போறீய? இப்ப பஸ் வருமே" என்று அண்ணாச்சி பரிதாபப்படுவார். நடப்பதற்காகத்தான் வந்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

இரண்டு சீசன்கள்

இப்படி நடக்கிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு விஷயம்: நாம் சீசன் என்று சொல்லும் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் இந்த வயல்களில் கார் சாகுபடி நடக்கிறது. தாமிரபரணிப் பாசனப் பகுதி முழுக்கக் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் போகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தென்மேற்குப் பருவமழை. பேரருவியில் நம் தலையில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடுகிறது. ஐந்தருவியாறு, அழுதகண்ணியாறு, அரிகர நதி, அனுமன் நதி எல்லாம் அதில் வந்து சேர்கின்றன. வழியில் அணைக்கட்டுகளில் தடுக்கப்பட்டு, கால்வாய்களில் திரும்பி, குளங்களை நிரப்பி, மிஞ்சியது சுமார் 80 கிலோமீட்டர் ஓடி சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. சீவலப்பேரி, ஆயிரப்பேரி என்று 'பேரி'யில் முடியும் ஊர்களெல்லாம் பேரேரியைப் பெயரில் வைத்திருக்கும் ஊர்கள்.

ஆக, அருவி என்பது பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாசன ஏற்பாட்டின் முதல் படி. அதன் தலைமாட்டில் நின்றுதான் நாம் குளிக்கிறோம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று அருவிகளில் தடை இருக்கிறது. தடை எதற்கு என்று புரியாததால்தான் பலர் அதை மீறப் பார்க்கிறார்கள். அருவியிலிருந்து வயல் வரை ஒருமுறை நடந்தவருக்கு அந்தப் பலகையைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்கிற மழை சில நிமிடங்களில் கீழே வெள்ளமாக வந்து நிற்கும். கீழே குளிப்பவருக்கு அது தெரியாது. பாதுகாப்பு ஏற்பாடு அரசின் கடமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அருவி என்பது எப்போதும் ஒரே அளவில் தண்ணீர் கொட்டும் ஷவர் என்ற நினைப்போடு நாம் போவதும் மாற வேண்டும். மலையைப் பார், மேகத்தைப் பார், தண்ணீரின் நிறத்தைப் பார் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று மணி நேரம் மலையைப் பார்த்துக் கொண்டே நடந்தவருக்கு அந்தப் பழக்கம் தானாக வரும்.

ஷவர் என்ற நினைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? மலையிலிருந்து வரும் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி, தனியார் விடுதிகள் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி உண்டாக்குவதாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போனது. அப்படிப்பட்ட விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க 2022-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுச்சொத்தைச் சுவர் எழுப்பித் தனிச்சொத்தாக்குவது என்பதற்கு வணிகவியல் மாணவர்களுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாதைக்கு யார் சொந்தக்காரர்?

தண்ணீருக்கு நடப்பதே பாதைக்கும் நடக்கிறது. இந்தச் சுற்றில் பாதி தூரத்தைத் தார்ச்சாலையின் ஓரத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. சீசனில் வேனும் காரும் நெருக்கியடிக்கிற சாலையில், பல இடங்களில் நடக்கிறவருக்கென்று ஓர் அடி இடம்கூடக் கிடையாது. சாலையை விட்டு இறங்கினால் குளக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று இன்னொரு பழைய வலைப்பின்னல் இருக்கிறது. நாற்று நடப் போகிறவர்களும், மாடு ஓட்டிப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள். வயல் மனையாகும்போது முதலில் செத்துப் போவது இந்தப் பாதைதான். ஒரு நாள் கம்பி வேலி வரும், அப்புறம் காம்பவுண்டுச் சுவர், அப்புறம் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' பலகை. யாரும் போராட மாட்டார்கள். சுற்றிப் போகப் பழகிக் கொள்வார்கள்.

இங்கிலாந்தில் இதே சண்டை வேறு விதமாக முடிந்தது. அங்கே டெர்பிஷயர் பக்கம் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகளும் சின்னச் சின்ன கிராமங்களும் உண்டு. விடுமுறை நாளில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வழக்கம். ஆனால் பக்கத்து மலைமேடுகளெல்லாம் பணக்காரர்களின் வேட்டை நிலமாக அடைபட்டுக் கிடந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். நடந்ததற்குப் பின் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளை வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1951-இல் அந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான பொதுப்பாதைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல, தனியார் வயலுக்கு நடுவே போகின்றன. வயல் அவருடையது, பாதையில் நடக்கிற உரிமை எல்லோருடையது.

நமக்கு இது இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். நம்முடைய கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் வண்டிப்பாதை குறிக்கப்பட்டிருக்கிறது. 'அ' பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு, குளம் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று தனித்தனியாகப் பதிவு இருக்கிறது. ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டிருக்கிறது. கடையில் இருப்பு எவ்வளவு என்று பேரேட்டில் இருக்கும்; வருடத்துக்கு ஒரு முறை கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்த்தால்தான் திருட்டு தெரியும். நம்முடைய பாதைகளும் பேரேட்டில் பத்திரமாக இருக்கின்றன. கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பாதையை எண்ணுவதற்கு ஒரே வழி அதன் மேல் நடப்பது.

யார் நடப்பார்கள்?

"இந்த வெயிலில், இந்த நாட்டில் யார் சார் நடப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள், அதுவும் வெறுங்காலோடு. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நாள்கணக்கில் பாதயாத்திரை போகிறார்கள். நடப்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. சாமிக்காக நடப்போம், ஊரைப் பார்ப்பதற்காக நடக்க மாட்டோம் என்பதுதான் நிலைமை. குற்றாலச் சீசனில் வெயிலும் ஒரு சாக்கு இல்லை. தமிழ்நாட்டில் பகல் முழுக்க நடக்கக்கூடிய ஜூலை மாதம் உள்ள சமவெளி ஊர்கள் எத்தனை இருக்கின்றன?

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கூட்டம் கிராமத்துக்குள் வந்தால் கிராமம் என்ன ஆகும்? தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரத்தைப் பாருங்கள். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் கதாநாயகியின் ஊர். இப்போது சூரியகாந்திப் பூக்கும் காலத்தில் கேரளத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து படம் எடுக்கிறார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று வயலுக்குள் இறங்கினால் மிதிபடுவது ஒரு விவசாயியின் முதலீடு. இந்தப் பயம் நியாயமானது. இதற்கும் பாதை ஒன்றுதான் பதில். எங்கே நடக்கலாம் என்று தெளிவாகக் குறித்து விட்டால், எங்கே நடக்கக் கூடாது என்பதும் தெளிவாகி விடும். பாதை இல்லாத இடத்தில்தான் எல்லோரும் எல்லா இடத்திலும் இறங்குகிறார்கள்.

மூன்றாவது, பெண்கள் தனியாக நடக்க முடியுமா என்ற கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த வரப்புகளில் தினமும் விடியற்காலையில் நடந்து வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை மறந்து விட்டுக் கேட்கிறோம். அவர்களுக்குப் பாதுகாப்பான பாதை, மற்றவர்களுக்கும் பாதுகாப்பான பாதை. ஆள் நடமாட்டம் கூடக் கூடப் பாதையில் பயம் குறையும்.

கடைசியாகக் காசு விஷயம். வேனில் வருகிற குடும்பம் செலவழிக்கும் பணம் பெட்ரோல் பங்குக்கும், விடுதிக்கும், அருவிக்குப் பக்கத்தில் உள்ள கடைகளுக்கும் போகிறது. மேலகரத்திலும் இலஞ்சியிலும் வண்டி நிற்பதே இல்லை. அங்கே ஒரு ரூபாய்கூட இறங்குவதில்லை. நடக்கிறவர் கஞ்சத்தனமாகவே இருக்கட்டும். நாள் முழுக்க நாலு டீ, இரண்டு வடை, ஒரு இளநீர், மத்தியானம் ஒரு சாப்பாடு என்று இருநூறு ரூபாய் செலவழித்தாலும், அது ஐந்தாறு சின்னக் கடைகளுக்குப் பிரிந்து போகும். அருவி வற்றிய மாதத்திலும் வயலும் மலையும் கோயிலும் அங்கேயேதான் இருக்கும். மூன்று மாத வியாபாரத்தை நம்பி ஒன்பது மாதம் காத்திருக்கிற ஒரு வட்டாரத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

இதற்குப் பெரிய திட்டமோ கோடிகளோ தேவையில்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி விட்டது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தந்த ஊர் உள்ளாட்சிகள் சேர்ந்து, பதிவேட்டில் உள்ள பாதைகளை ஒருமுறை அளந்து, முக்கியமான இடங்களில் சின்னதாகக் கல் நட்டு, ஊர்ப்பெயரும் தூரமும் எழுதி வைத்தால் போதும். ஆண்டுதோறும் சாரல் திருவிழா நடக்கிறது; அதில் ஒரு நாளை நடைக்கு ஒதுக்கலாம். தயவுசெய்து அலங்கார வளைவு வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், நுழைவுக் கட்டணம் வேண்டாம். குளக்கரை குளக்கரையாகவே இருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அடுத்த சீசனில் குற்றாலம் போகிறவர்கள், இரண்டாவது நாளை மூன்றாவது அருவிக்குக் கொடுக்காமல் இந்தச் சுற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். நல்ல செருப்பு, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில் போதும் (பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்து விடுங்கள்). வரப்பில் எதிரே ஆள் வந்தால் நீங்கள் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார். 'ஏன் நடந்து போறீய' என்று கேட்கும் அண்ணாச்சிக்கு, உங்கள் ஊர் மடையைப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். முதலில் சிரிப்பார். அப்புறம் எந்த மடை எந்த வயலுக்கு, எந்தப் பாதையை யார் வேலி போட்டு அடைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிப்பார். கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். அவரிடம் இதை யாரும் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.